சி.ஆர். என்றால் எடுபிடியா?

கேள்வி, 9 செப்டம்பர் 2024

அக்கா மகன் பெங்களூரில் பி.இ. மூன்றாம் செமஸ்டர் போகிறான். போன வாரம் துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) அவனை சி.ஆர்., அதாவது வகுப்புப் பிரதிநிதி, ஆக்கிவிட்டார். "எடுபிடி வேலை மாமா. மார்க்கர் கொண்டு வா, ரெக்கார்டு வாங்கி வா, இதுதான்" என்கிறான். வகுப்பில் பார்வை ரொம்பக் குறைந்த பையன் ஒருவன் இருக்கிறானாம். கன்னட மீடியத்திலிருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிற நம் பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறான். படிக்கிற பையன் இதில் எல்லாம் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. சி.ஆர். ஆக இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 செப்டம்பர், இரவு

நான் இருந்தேன். 2019 முதல் 2022 வரை மூன்று வருஷம். வி.டி.யு.வின், அதாவது விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின், கீழ் வருகிற தனியார் கல்லூரி, ஊருக்கு வெளியே. பெயர் வேண்டாம்.

உங்கள் மருமகன் சொல்வது முக்கால்வாசி சரி. மார்க்கர், டஸ்டர், ப்ரொஜெக்டர் கேபிள், 64 லேப் ரெக்கார்டு. நான் மூன்றாம் மாடிக்குச் சுமந்த ரெக்கார்டுகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டிருந்தால் ஒரு மூக்குத்தி தேறியிருக்கும்.

என்னைத் தேர்ந்தெடுத்த விதமும் பெரிதாக ஒன்றுமில்லை. நான் பெங்களூர் ஸ்ரீராமபுரத்துப் பெண். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், டிவி தயவில் இந்தி. முதல் நாள் ஹெச்.ஓ.டி. வந்து "யாருக்கு நாலு பாஷை வரும்?" என்று கேட்டார். கை தூக்கினேன். தேர்தல் முடிந்தது.

மீதி கால்வாசி பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் ஸ்டாஃப் ரூமுக்குள் "என்ன வேணும்?" என்ற கேள்வி இல்லாமல் நுழையக்கூடிய ஒரே மாணவர் சி.ஆர். கையில் ரெக்கார்டு கட்டு இருந்தால் போதும், கதவு திறந்துவிடும். உள்ளே போனபின் என்ன பேசுகிறோம் என்பது நம் சாமர்த்தியம். அதனால் அந்த எடுபிடி வேலையை விட்டுவிடச் சொல்லாதீர்கள் அண்ணா. அதுதான் அவனுடைய கேட் பாஸ்.

10 செப்டம்பர்

பார்வை குறைந்த பையனைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் மருமகன் அந்தப் பையனிடமே போய்க் கேட்கட்டும். முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஜன்னல் பக்கமாக முன் பெஞ்ச் இருந்தால் போர்டில் வெயில் பட்டுப் பளபளக்கும், அவனுக்குக் கடைசி பெஞ்சைவிட மோசம்.

இன்னொன்று, கணக்கு வகுப்பில் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். "இதை இங்கே கொண்டுவந்து, இதோடு கூட்டினால், இது வரும். இது ஏற்கெனவே இங்கே இருக்கு." போர்டு தெரியாதவனுக்கு இதில் என்ன இருக்கிறது? எழுதுவதை வாயாலும் சொல்லச் சொல்லுங்கள், "எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் டூ எக்ஸ்" என்று. ஆசிரியருக்கு இதற்கு ஒரு நிமிஷம்கூட அதிகம் ஆகாது. பழக்கம் வர இரண்டு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் நோட்ஸ். எங்கள் காலத்தில் பத்து வருஷத்துக்கு முந்தைய சீனியரின் கையெழுத்தை ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் செய்து, பி.டி.எஃப். என்று அனுப்புவார்கள். பார்க்கப் பி.டி.எஃப்., உள்ளே வெறும் படம். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் படத்தில் இருக்கிற எழுத்தை அது தானாகப் படிக்காது. சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஃபைலைத் திறந்து மவுஸால் ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள். எழுத்து எழுத்தாக நிறம் மாறினால் நல்லது. மாறவே இல்லை, அல்லது பக்கம் முழுக்க ஒரே கட்டமாகப் பிடிக்கிறது என்றால் அது படம்தான். தட்டச்சு செய்த மூல ஃபைலை ஆசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலும் அவர் லேப்டாப்பிலேயே இருக்கும். யாரும் கேட்டதில்லை, அதனால் கொடுத்ததில்லை.

12 செப்டம்பர்

"முதலில் அவனிடமே கேட்கட்டும்" என்று முந்தாநாள் பெரிய மனுஷி மாதிரி எழுதிவிட்டேன். நான் அப்படிக் கேட்டேனா? இல்லை. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் காது மந்தமான தோழி ஒருத்தி. காதில் மெஷின் உண்டு, அதன் மேல் முடியை இழுத்து விட்டுக்கொள்வாள். இரண்டாம் பெஞ்ச், இடது ஓரம். பாதி காதால், பாதி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். 2021ல் ஆன்லைன் முடிந்து திரும்பி வந்தபோது எல்லாரும் மாஸ்க். சார் மாஸ்க்குக்குள் பேசுவார், அதுவும் போர்டைப் பார்த்துக்கொண்டு, எழுதிக்கொண்டே. எனக்கே பாதி கேட்காது. அவள் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் எனக்குள் சி.ஆர். பொங்கிவிட்டாள். எழுந்து நின்றேன். "சார், அவளுக்குக் காது கேட்காது சார், கொஞ்சம் திரும்பிப் பேசுங்கள்." வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, சாரை அல்ல, அவளை. அவள் முடியைச் சரிசெய்துகொண்டாள். அந்தக் கை அசைவு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாறிப் போய்விட்டாள். அங்கிருந்து போர்டு இன்னும் தூரம்.

பிறகு அவளே ஒரு நாள் கேன்டீன் வரிசையில் சொன்னாள், "கேட்காதுன்னு நான் சொல்லணும், நீ இல்ல." சரி என்றேன். அப்புறம் இருவரும் சேர்ந்துதான் ஸ்டாஃப் ரூமுக்குப் போனோம், கையில் ரெக்கார்டு கட்டோடு. பேசியது அவள். கேட்டது இரண்டே இரண்டு. எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பேசுங்கள். பின் பெஞ்சிலிருந்து யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்லும் முன் அந்தக் கேள்வியை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். சார் தங்கமான மனிதர். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார்.

அந்த இரண்டாவது ஏற்பாட்டால் பிழைத்தது நடு பெஞ்சுதான். பின்னால் என்ன கேட்டார்கள் என்று அதுவரை எங்களில் யாருக்குமே தெரிந்ததில்லை.

பேச்சை எழுத்தாக்குகிற ஆப் ஒன்றையும் சார் மேஜையில் வைத்துப் பார்த்தோம். ஒரே பாஷையில் பேசினால் ஓரளவு ஓடும். எங்கள் சார் ஒரு வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் இரண்டு தடவை தாவுவார். 'மேட்ரிக்ஸ்' என்று சொன்ன இடத்தில் எல்லாம் 'மேட்ரஸ்' என்று விழுந்தது, அதாவது மெத்தை. தலைகீழ் மெத்தை, சதுர மெத்தை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். ஆப்பை அன்றோடு மூடிவிட்டோம்.

13 செப்டம்பர்

"இப்படி ஆளுக்கொரு சலுகை கொடுத்தால் மற்றவர்கள் கதி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முன்பக்கம் திரும்பிப் பேசுவது சலுகையா?

15 செப்டம்பர்

குறைபாடு உள்ளவர்களுக்குப் பரீட்சையில் என்ன உண்டு என்று கேட்டவருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. உயர்கல்வியில் 5 சதவீத இடம் எல்லாக் கல்லூரிகளும் ஒதுக்க வேண்டும். தேர்வு நேரத்துக்கு 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது இது. ஸ்க்ரைப், அதாவது சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், வைத்து எழுதுகிறவர்களுக்கு மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம். ஸ்க்ரைப் இல்லாமல் தானே எழுதினாலும், 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் இருந்தால், 3 மணித் தேர்வுக்கு 1 மணி கூடுதல். சொந்தமாக ஸ்க்ரைப் கூட்டி வந்தால் அவர் படிப்பு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது அந்த வழிகாட்டுதல், அதனால் பக்கத்து சீட் நண்பன் எழுத முடியாது.

40 சதவீதம் இல்லாவிட்டால்? 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற பிரச்சினை அவருக்கு. 40 சதவீதக் கோட்டைத் தாண்டினால்தான் ஸ்க்ரைப் என்பது சரியல்ல என்றது நீதிமன்றம்.

இதெல்லாம் காகிதத்தில். எங்கள் கல்லூரியில் யுனிவர்சிட்டி தேர்வில் சிக்கல் வந்ததில்லை, சிக்கல் எல்லாம் கல்லூரியே வைக்கிற இன்டர்னல்ஸில்தான். ஒன்றரை மணி நேர டெஸ்ட், கூடுதல் நேரம் தேவைப்பட்ட எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அரை மணி கூடுதல். ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் டெஸ்டில் மணி அடித்ததும் இன்விஜிலேட்டர் எல்லாப் பேப்பரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது டெஸ்டில் சொல்லி வைத்தோம், அவர் உட்கார்ந்தார். ஆனால் அட்டெண்டர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். அறையைப் பூட்ட வேண்டும், 4.45 பஸ். அவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே யாரால் எழுத முடியும்? பத்து நிமிஷத்தில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

மூன்றாவது டெஸ்டுக்கு அட்டெண்டரிடம்தான் போய்ப் பேசினேன். "அரை மணி முன்னாடி ஆரம்பிக்கலாமே பாப்பா, நான் எப்படியும் சீக்கிரமா வந்து திறந்துடறேன்" என்றார் அவர். நாலு பேர் உட்கார்ந்து இரண்டு மாதமாக யோசித்தும் எங்களுக்குத் தோன்றவில்லை.

16 செப்டம்பர்

நேற்று எழுதியதில் தவறு. 5 சதவீத ஒதுக்கீடு எல்லாக் கல்லூரிகளுக்கும் இல்லை. அரசு கல்லூரிகளுக்கும் அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும்தான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. நான் படித்த தனியார் கல்லூரிக்கே இது பொருந்தாது என்பதை மூன்று வருஷம் சி.ஆர். ஆக இருந்தும் நான் கவனிக்கவில்லை.

இன்னொருவர் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பற்றிக் கேட்டார். எங்கள் கல்லூரியில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வருவதற்கு முன் ஒன்று கட்டினார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. எங்களுடையது நாலடியில் ஏறியது. ஏறி முடிந்த இடத்தில் வரவேற்புக்காக ஒரு பெரிய பூந்தொட்டி வைத்திருந்தார்கள். நாக் தலைமையகம் நம் நாகர்பாவியில்தான் இருக்கிறது. கூப்பிடு தூரம்.

21 செப்டம்பர்

தங்கவயல் தம்பி ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தேன். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டை வரை தூங்கி, பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கி ஓடி, 8.30 வகுப்புக்கு 8.50க்கு நுழைந்து, "வெளியே நில்" என்று கேட்டு வளர்ந்தவர். சுரங்கத்தை 2001ல் மூடிய பிறகு அந்த ஊருக்கு வேலை, படிப்பு எல்லாமே இந்த ரயில்தான். சுமார் 100 கிலோமீட்டர். எங்கள் வகுப்பிலும் மூன்று பேர் இருந்தார்கள். பெண்களுக்கு இப்போது சக்தி திட்டத்தில் அரசு பஸ் இலவசம், 2023 ஜூனிலிருந்து. ஆனால் நேரத்துக்கு ரயில்தான்.

வி.டி.யு.வில் 85 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேண்டும். முதல் பீரியடு தினமும் தவறினால் அந்தப் பாடத்தில் கணக்கு முடிந்தது. டைம்டேபிளை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினேன், 58 கையெழுத்து வாங்கினேன், பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. கல்லூரி பஸ்ஸின் நேரம் டைம்டேபிளோடு கட்டியிருக்கிறது, ஒன்றை அசைத்தால் எல்லாம் அசையும் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், இப்போது யோசித்தால்.

நடந்தது சின்ன விஷயம். முதல் பீரியடு மேடம் அட்டெண்டன்ஸை ஆரம்பத்தில் எடுக்காமல் முடிவில் எடுக்க ஒத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை வைக்கும் பத்து நிமிஷ க்விஸ்ஸையும் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளினார். ஹாஸ்டல் பிள்ளைகளும் சாவகாசமாக வர ஆரம்பித்தார்கள், அது பக்கவிளைவு. இரண்டு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டு, "ரயிலில் வருபவர்கள் எட்டு ஐம்பதுக்கு வருகிறார்கள், ஹாஸ்டல் ஒன்பதுக்கு வருகிறது, உன் ஹாஸ்டலுக்கு எந்த ரயில்?" என்றார். பதில் இல்லை. ஹாஸ்டலில் போய்ச் சண்டை போட்டேன்.

3 அக்டோபர்

டெல்லியிலிருந்து ஒரு நண்பர், "உங்கள் ஊரில் தேர்தல் இல்லை, அதனால்தான் மாணவர்கள் மேடமிடம் கெஞ்சுகிறார்கள், எங்களைப் பாருங்கள்" என்கிறார். பார்க்கிறேன் சார். போன வாரம் டெல்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் நடந்தது, பிரசாரத்தில் அசிங்கமான சுவர்களைச் சுத்தம் செய்யும் வரை ஓட்டு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ கமிட்டி 2006லேயே ஒரு வேட்பாளர் 5000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது என்றது. அந்த 5000 ரூபாயில் எத்தனை சுவர் நிறையும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேலி இருக்கட்டும், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நியமித்த சி.ஆர்., நியமித்தவருக்குத்தான் முதலில் பயப்படுவார். நானும் பயந்தேன். ஆனால் தேர்தல் வைத்திருந்தால் எங்கள் வகுப்பில் யார் ஜெயித்திருப்பார் என்றும் எனக்குத் தெரியும். கிரிக்கெட் டீம் கேப்டன். இரண்டாம் பெஞ்ச் இடது ஓரத்துக்கு அவனிடமிருந்து ஒன்றும் வந்திருக்காது. நல்ல பையன், ஆனால் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

விதிப்படியே மாணவர் உட்காரக்கூடிய நாற்காலிகள் சில உண்டு. உள் தர உறுதிக் குழுவில், அதாவது ஐ.க்யூ.ஏ.சி.யில், மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 குறைதீர்ப்பு விதிகளில் குழுவுக்கு ஒரு மாணவரை சிறப்பு அழைப்பாளராக வைக்கச் சொல்லியிருக்கிறது, புகார் மேல் 15 வேலை நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். பாலியல் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரமானால், தேர்ந்தெடுத்த மூன்று மாணவர்கள் உண்டு. உங்கள் மருமகனை "நம் கல்லூரியில் அந்த மாணவர் யார்?" என்று ஆபீஸில் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்டபோது ஒரு பெயர் சொன்னார்கள். அவர் பாஸாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

6 அக்டோபர்

இதை எழுதலாமா என்று நாலு நாளாக யோசனை.

நாலாம் செமஸ்டரில் ஆபீஸிலிருந்து ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். கர்நாடக அரசின் எஸ்.எஸ்.பி. போர்ட்டலில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் பாக்கி இருப்பவர்கள், நாளைக்குள் வரச் சொல்லு. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "அர்ஜென்ட், பெயர் இருப்பவர்கள் பார்க்கவும்." பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பிரிவு ஒரு காலம், குடும்ப வருமானம் ஒரு காலம். நான் பெயரை மட்டும்தான் பார்த்தேன். மற்றவர்கள் மற்றதையும் பார்த்தார்கள்.

எங்கள் வகுப்பில் யாரும் யாரிடமும் நேரடியாகச் சாதி கேட்டதில்லை. "உன் சி.இ.டி. ரேங்க் என்ன?" என்று நுழைவுத் தேர்வு ரேங்க்கைத்தான் கேட்பார்கள். ரேங்க்கையும் சீட்டையும் வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அதற்கு பதில் சொல்லாமல் ஒன்றரை வருஷம் நழுவிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் நழுவிய பாதையை நான் ஒரு போட்டோவில் அடைத்துவிட்டேன். 11 நிமிஷத்தில் அழித்தேன். 40 பேர் பார்த்துவிட்டிருந்தார்கள்.

அந்த வாரம் லேப் பேட்ச் மாற்றச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். காரணம் சொல்லவில்லை. லிஸ்டில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி, "நீ வேணும்னு பண்ணலைன்னு தெரியும்" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு எந்த லிஸ்ட் வந்தாலும் ஆளாளுக்குத் தனி மெசேஜ்தான். 20 நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

12 அக்டோபர்

ஆயுத பூஜை முடிந்து பொரியும் கடலையும் தின்றுகொண்டே எழுதுகிறேன். லேப் பூஜைக்குத் தலைக்கு 100 ரூபாய் சி.ஆர்.தான் வசூலிப்பார். கொடுக்காதவர் பெயரைக் குழுவில் போடுவது வழக்கம். போன குறிப்புக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் மூடிய டப்பா ஒன்றை மேஜையில் வைத்தோம். மொத்தத்தில் 300 ரூபாய் குறைந்தது. கொஞ்சம் பூ குறைந்தது, யாரும் கவனிக்கவில்லை. முன்பு கொடுக்கக்கூடியவர்களாக இருந்தும் டப்பா வந்தபின் கொடுக்காமல் விட்ட மகானுபாவர்கள் யாரென்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

20 அக்டோபர்

கற்பித்தல் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேள்வி கேட்ட அண்ணா குறைப்படுகிறார். "சார் நடத்துவது புரியவில்லை என்று சார் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?"

முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம் என்றுதான் நானும் கூகுள் ஃபார்ம் தயாரித்தேன். பெயர் போட வேண்டாம், தைரியமாக எழுதுங்கள் என்று பெருமையாக அனுப்பினேன். மாலையில் ஒருவன் வந்து, "அக்கா, ஃபார்ம் என் ஈமெயிலைக் காட்டுதே" என்றான். அந்த செட்டிங்கை நான் அணைக்கவே இல்லை. அதற்குள் நிரப்பிய ஒன்பது பேரும் சாரை தெய்வமாக்கியிருந்தார்கள்.

அடுத்த முறை அரைத்தாள் சீட்டு. இரண்டே கேள்வி: இந்தப் பாடத்தில் எது உதவுகிறது, எது தடுக்கிறது. செமஸ்டர் முடிவில் அல்ல, நாலாம் வாரத்தில். முடிவில் கேட்டால் அது ஜூனியருக்குத்தான் உபயோகம். சீட்டுகளை நானே படித்து, வசவுகளைக் கழித்து, ஒரே தாளில் எழுதி சாரிடம் கொடுத்தேன். 'உதவுகிறது' பகுதியை முதலில் வைத்தேன். அது தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர் அந்தப் பகுதியை இரண்டு தடவை படித்தார்.

'தடுக்கிறது' பகுதியில் அதிகம் வந்தது ஒரே விஷயம். சார் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் "அர்த்த ஆய்தா?" என்பார், புரிந்ததா என்று. முன் பெஞ்ச் மூன்று பேர் "ஆய்து சார்" என்பார்கள். அவ்வளவில் அடுத்த ஸ்டெப். நான் ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கேள்விக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவே ஒரு விநாடி. பின்னாளில் படித்தேன், மேரி பட் ரோ என்பவர் 1970களிலேயே அமெரிக்க வகுப்பறைகளில் இதை அளந்திருக்கிறார். அங்கேயும் சுமார் ஒரு விநாடிதான். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். சாரிடம் "மூன்று எண்ணுங்கள்" என்று சொல்ல முடியுமா? "முன் பெஞ்சை விட்டுவிட்டு கேளுங்கள் சார்" என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் மயான அமைதி. அப்புறம் சாம்ராஜ்நகரிலிருந்து வந்த ஒரு பையன், கன்னட மீடியம், கன்னடத்திலேயே "இல்லை சார், ஆகலை" என்றான். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும் ஆகியிருக்கவில்லை.

அந்தப் பையனைப் பற்றி இன்னும் கொஞ்சம். கன்னட மீடியம் பிள்ளைகளுக்காக நான் ஒரு கலைச்சொல் பட்டியல் செய்தேன், 200 சொல், அழகாக டைப் அடித்து. ஒருவரும் திறக்கவில்லை. இவன் இன்டர்னல்ஸுக்கு முந்தின இரவு, தனக்குப் புரிந்ததைப் பதினைந்து நிமிஷ வாய்ஸ் நோட்டாகக் கன்னடத்தில் பேசி நாலு பேருக்கு அனுப்பினான். அது வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. கான்பூர் பையன் ஒருவன்கூட கேட்டான், பாதி புரியாமல். "பாக்கி பாதி ஆங்கிலத்தில் இருக்கே" என்றான்.

22 அக்டோபர்

முந்தாநாள் எழுதியதை மறுபடி படித்தேன். மாணவர் சொல்வதெல்லாம் சரி என்பது போல் தொனிக்கிறது. அப்படி இல்லை.

எங்களுக்கு இன்னொரு மேடம் இருந்தார். லெக்சர் குறைவு. கணக்கைக் கொடுத்து மூன்று மூன்று பேராகப் போடச் சொல்வார், நடுவில் நடந்துகொண்டே இருப்பார். எங்களுக்குப் பிடிக்காது. "மேடம் நடத்தறதே இல்லை, நாமளே படிக்கணும்னா இவங்க எதுக்கு?" நானே வகுப்பின் சார்பில் ஹெச்.ஓ.டி.யிடம் போய்ப் புகார் சொன்னேன், ஜோராக. அடுத்த வாரத்திலிருந்து மேடம் சாதாரண லெக்சருக்கு மாறிவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம், தூக்கமும் வந்தது.

ஹார்வர்டில் இயற்பியல் வகுப்பில் செய்த ஓர் ஆய்வு 2019ல் வெளியானது. ஒரே பாடம். ஒரு பிரிவுக்கு நல்ல லெக்சர், இன்னொரு பிரிவுக்குத் தாங்களே போட்டுப் பார்க்கிற வகுப்பு. டெஸ்டில் போட்டுப் பார்த்தவர்கள் அதிக மார்க். ஆனால் எவ்வளவு கற்றீர்கள் என்று கேட்டால், லெக்சர் கேட்டவர்கள்தான் நிறையக் கற்றதாகச் சொன்னார்கள். நான் இதைப் படித்தது வேலைக்குப் போன பிறகு. அந்த மேடத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். "பரவாயில்லை, இப்போது முதல் வகுப்பிலேயே ஏன் இப்படி நடத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்று பதில் வந்தது. மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

இதனால் சி.ஆர். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. "பிடிக்கவில்லை" என்பதையும் "கேட்கவில்லை, தெரியவில்லை, வந்து சேர முடியவில்லை" என்பதையும் நான் ஒரே கட்டில் கட்டி எடுத்துப் போனேன், அதுதான் தப்பு.

2 நவம்பர்

ஒருவர் "தமிழ்ப் பெண் எப்படிக் கன்னடம் சமாளித்தாய்" என்கிறார். சமாளிக்கவில்லை, அதில்தான் வளர்ந்தேன். வேடிக்கை என்னவென்றால் பத்தாவதில் நான் கன்னடப் பாடம் எடுக்காததால் வி.டி.யு. என்னை 'வியாவஹாரிக கன்னட', அதாவது பேச்சுக் கன்னட, வகுப்பில் போட்டது, வட இந்தியப் பிள்ளைகளோடு. முதல் பாடம், "உங்கள் பெயர் என்ன?" நான் மிஸ்ஸோடு அல்சூர் ஏரியில் வள்ளுவர் சிலை திறந்த நாளில் இருந்த கூட்டத்தைப் பற்றிக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில்தான் வெளியூர்ப் பிள்ளைகள் மொழி தெரியாமல் எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். பஸ் கண்டக்டரிடம் பேசப் பயந்து ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவன் ஒருவன். பஸ் வசனம் நாலு சொல்லிக் கொடுத்தேன்.

9 நவம்பர்

அண்ணா, உங்கள் மருமகன் எனக்குத் தனியாக எழுதியிருந்தான். சொல்லச் சொன்னான்.

பார்வை குறைந்த அந்தப் பையனிடம் போய்க் கேட்டிருக்கிறான். ஸ்க்ரைப், சட்டம், சாஃப்ட்வேர் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனானாம். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "போர்டில் பச்சையிலும் சிவப்பிலும் எழுதறாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல. கறுப்பு, தடிச்ச முனை. அவ்வளவு போதும்."

ஸ்டோரில் மார்க்கர் வாங்கி வருவது யார்? உங்கள் மருமகன்தான். ஸ்டோர்க்காரர் பச்சை பாக்கிதான் தீர வேண்டும் என்று அதையே கொடுத்துக்கொண்டிருந்தாராம். இப்போது பச்சையைப் பக்கத்து செக்‌ஷன் சி.ஆர். தலையில் கட்டிவிட்டு, கறுப்பாகப் பார்த்து நாலு எடுத்து வந்துவிட்டான். பக்கத்து செக்‌ஷனில் யாருக்கு என்ன தெரியவில்லை என்று விசாரித்தாயா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.